அச்சிமுகம்மதுவின் கிணற்றில் விழுந்த ஸ்பிரிங்

துணிக்கடைக் காலிதீன் கொழும்பிலிருந்து சிவப்பு மஸ்டாங் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது, கல்முனையில் பாதிச் சனம் அவர் வாசலில்தான் நின்றது. நாட்டைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் கார் அது. நீண்ட மூக்கு, ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வளவுக் கோழிகள் கூரை ஏறும்.

"சிங்கம் மாதிரி இரிக்கி, காக்கா!" என்றார்கள்.

மனைவி சபூறா முன்சில்லுகளைக் குனிந்து பார்த்தாள். இரண்டும் காலை அகட்டிக்கொண்டு நின்றன.

"சிங்கம் சரி. ஏன் குந்திக்கொண்டு இரிக்கி?"

மகியங்கனை வளைவுகளில் ஏதோ கடகடத்ததைக் காலிதீன் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பஸ் மெக்கானிக் பெனடிக் காருக்குக் கீழே படுத்து எழும்பினான். "முதலாளி, றப்பர் புஷ் எல்லாம் தேஞ்சு போச்சு, சில்லப் பிடிக்கிற போல் ஜொயின்ற் ஆடுது. முன்பக்கம் முழுக்கக் கழட்டிப் பூட்டவேணும். ஸ்பிரிங்க அமத்திப் பிடிக்க இரும்பில ஒரு கொழுக்கி அடிப்பிச்சுக்கொண்டு வாறன். அதுவரைக்கும் ஒண்டையும் தொடாதீங்க."

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இந்தக் காரில்தான் நிந்தவூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போவதென்று காலிதீன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பெனடிக் கொல்லன் பட்டறைக்குப் போனதும் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காரைத் தூக்கும் ஜக்கை முன்பக்கத்துக்குக் கீழே வைத்தார்.

"அவன் தொடாதீங்க எண்டு சென்னானே!" என்றாள் சபூறா.

"ஸ்பிரிங்கக் கயிறால கட்டித்தானே இரிக்கன்" என்று நட்டைத் திருகினார்.

வெடி வெடித்தது போல ஒரு சத்தம். கயிறு ஒரு பக்கம், ஜக் ஒரு பக்கம். கிறீஸ் பூசிய ஸ்பிரிங் எழும்பிப் பறந்து, முருங்கைக் கிளையை முறித்து, வேலியைத் தாண்டி மறைந்தது. கொஞ்சம் பொறுத்துத் 'தொபுக்' என்றது.

சபூறா முதலில் புருஷனின் தலையைப் பார்த்தாள். அல்ஹம்துலில்லாஹ், இருந்தது. பிறகு வேலிக்கு அப்பாலிருந்த கிணற்றை எட்டிப் பார்த்தாள். அந்தக் கிணறு அச்சிமுகம்மதுவுடையது. வேலி ஒரு முழம் நகர்ந்த சண்டையில் நாலு வருஷமாக அவருக்கும் காலிதீனுக்கும் ஸலாம்கூட இல்லை. பெண்கள் இருவரும் மட்டும் வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் கறி மாற்றிக்கொள்வார்கள்.

அந்தப் பொட்டில் அச்சிமுகம்மதுவின் மனைவி றபீக்காவின் முகம் தெரிந்தது. "சபூறா, கிணத்துக்குள்ள விழுந்தது கிணத்துக்காரனுக்காம். இவர் செல்லச் சென்னார்."

அதோடு விடாமல் அச்சிமுகம்மது, தண்ணீர் ஆகுமா என்று கேட்கப் பள்ளிவாசல் லெப்பையையும் கூட்டி வந்தார். தண்ணீரில் கிறீஸ் வட்டம் வட்டமாக மிதந்தது. லெப்பை தாடியைத் தடவினார். "இரும்புக்குக் குத்தமில்ல. இந்தக் கிறீஸ் என்ன கொழுப்பு?"

கொழுக்கியோடு திரும்பி வந்த பெனடிக் கிணற்றை எட்டிப் பார்த்தான். "கொழுப்பு இல்ல லெப்பை. மண்ணெண்ணெய் மாதிரி நிலத்துக்குள்ளால வாற எண்ணெயில செய்றது. அரபு நாட்டில இருந்து."

"அரபு நாட்டிலயா?" லெப்பையின் முகம் தெளிந்தது. "அப்ப அசுத்தமில்ல, நஜீஸ் இல்ல. ஆனா இதக் குடிக்க ஏலாது, எறச்சுக் கழுவுங்க."

"எறச்சுத் தரட்டும். அவரே எறங்கட்டும்" என்றார் அச்சிமுகம்மது.

வயல் பம்பு வந்தது. தண்ணீர் வற்றியதும் காலிதீன் இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். மேலே கயிற்றைப் பிடித்தது அச்சிமுகம்மது. ஸ்பிரிங்கைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, "தூக்குங்க" என்றார் காலிதீன்.

கயிறு அசையவில்லை. அச்சிமுகம்மது கிணற்றுக்கட்டில் ஆறுதலாக உட்கார்ந்தார்.

"முதல்ல செல்லு. வேலிய நகத்தினது ஆரு?"

"அச்சி, காலுக்குள்ள தவளை!"

"தவளை கடிக்காது. ஆரு?"

"நான்தான்! ஒரு முழம்!" கிணறு அந்த 'ஒரு முழத்தை' வாங்கித் தெருவரைக்கும் கேட்க முழங்கியது. "அதுக்கு முந்தி ஒன்றரை முழம் நகத்தினது நீ!"

வளவில் நின்ற எல்லோரும் அச்சிமுகம்மதுவைத் திரும்பிப் பார்த்தார்கள். றபீக்கா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் காதுமடல் சிவந்து, பிறகு அவருக்கும் சிரிப்பு வந்து, கயிறு கைநழுவப் பார்த்தது. சபூறா பாய்ந்து பிடித்தாள். "பொறகு சிரிங்க! மனிசன் கீழ நிக்கிறார்!"

பிறகு பெனடிக் யாரையும் கிட்ட விடவில்லை. லொறி டயரில் புஷ் வெட்டி, போல் ஜொயின்ற் மாற்றி, கொழுக்கியால் ஸ்பிரிங்கை அமத்தி ஏற்றினான். கார் நிமிர்ந்து நின்றது.

பெருநாளன்று முன்சீட்டில் அச்சிமுகம்மது, பின்சீட்டில் முழங்கால் நாடியைத் தொடப் பெண்கள் இருவரும். காரைதீவில் ஒரு மதகு. பஸ்ஸில் போனால் ஆள் எழும்பி விழும் இடம். கார் தோணிபோல வழுக்கிப் போனது.

"மச்சான், தெரியவே இல்லியே!" என்றார் அச்சிமுகம்மது. "திருப்பு, இன்னொருக்கா பாப்பம்."

திருப்பினார்கள். போனார்கள். மறுபடி திருப்பினார்கள். இந்த முறை வேகமாக, அடுத்த முறை ஒற்றைக் கையால். சபூறா புருஷனின் தோளைத் தட்டிக் காரை நிறுத்தச் சொல்லி, றபீக்காவின் கையைப் பிடித்து இறங்கி, வந்த பஸ்ஸை மறித்தாள்.

பஸ் மதகில் தூக்கிப் போட்டது. கண்ணாடி வழியே பார்த்தால், சிவப்புக் கார் மறுபடியும் கல்முனைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

பெண்கள் நிந்தவூரில் புரியாணி சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டு முடித்த பிறகுதான், பின்னேர அஸர் பாங்கோடு ஆண்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். காரைத் தள்ளிக்கொண்டு. பெற்றோல் முடிந்திருந்தது.