அட்டைக்காரி

கதவைப் பிளந்துகொண்டு நூலகத்துக்குள் முதலில் வந்தவன் அவளுடைய அக்கா புருஷன். கையில் கோடாலி. பின்னால் மண்ணெண்ணெய் டின்களோடு ஒரு கும்பல்.

"அத்தான், காலைத் துடைச்சுட்டு வாங்க" என்றாள். பயத்தில் வாய் பழக்கத்தைப் பேசிவிட்டது.

"ஆத்துக்கு அக்கரைக்காரனுங்க எழுதினதெல்லாம் எங்கே? அது மட்டும் எரியணும். நம்மளோடதுல ஒரு பொறி படக் கூடாது."

அது லேசான காரியமில்லை. பழைய நூலகர்கள் புத்தகங்களை வந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். கவிதைக்குப் பக்கத்தில் மாட்டு வைத்தியம் நிற்கும். எழுதியவர் யார், எந்த அலமாரி என்று ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதி இழுப்பறைகளில் கோத்துவைத்தவள் அவள்தான். அட்டைக்காரி என்ற பெயரே அதனால் வந்தது. அக்கரை எழுத்தாளர்களுக்கென்று தனி இழுப்பறைகளே வைத்திருந்தாள். அவற்றைப் பார்த்தாலே போதும், எதை எரிப்பதென்று தெரிந்துவிடும்.

இழுப்பறையைத் திறந்து, அட்டைகளைக் கோத்திருந்த இரும்புக் கம்பியை உருவினாள். எடுத்துத் தரப்போகிறாள் என்று அத்தான் கையை நீட்டினான். அவள் அப்படியே தரையில் கவிழ்த்தாள். அடுத்ததையும் உருவிக் கொட்டினாள். அடுத்ததையும். காலால் எத்திக் கலைத்தாள்.

அவன் அறைந்த அறையில் அவள் பல்லொன்று அட்டைகளுக்கு நடுவே தெறித்தது.

"அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு உயிரை வாங்குறியே! மொத்தத்தையும் கொளுத்துங்கடா!"

"அண்ணே, நம்மளோடதும் இருக்கே..." என்று ஒருவன் இழுத்தான். அத்தான் டின்னைப் பிடுங்கித் தானே ஊற்றினான். தீக்குச்சியை எடுத்தபோது, அவள் கையிலிருந்த கம்பியை ஓங்கிக் குத்தினாள். அது அவன் கண்ணில் இறங்கியது.

கும்பல் அவள் வலக்கையை இழுப்பறைக்குள் திணித்து உதைத்துச் சாத்தியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குள் அத்தான் அலறியபடியே சுருண்டு விழ, அவனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். கொளுத்த யாருக்கும் நினைவில்லை.

வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்தாள். வந்ததும் ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சிக்குப் பிடித்துக் கிடந்த தங்கையின் தலையை வாரத் தொடங்கினாள்.

"ஒரு கண்ணு போச்சுடி. இன்னொரு கண்ணு உன்னையே தேடுது. எங்கேயாவது போயிடு."

"அட்டையெல்லாம் தரையில கிடக்குக்கா."

"எந்தக் கையால அடுக்குவே?"

"இடது கை இருக்கே."

அக்கா பின்னலை வலிக்க வலிக்க இறுக்கி முடிந்தாள்.