வெட்டித்தான் ஒட்டணும்

மனோகரனின் நெஞ்சில் ஒட்டிய வயர்களைக் கழற்றாமலே இசிஜி தாளைப் பார்த்தேன். மாரடைப்புதான், சந்தேகமே இல்லை. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. அன்றைக்கு டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் நர்ஸான நான் இசிஜியைத் தொடுதிரை டேப்பில் ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அங்கே இருதய டாக்டர் பார்த்து, போடு என்பார். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடுவேன். அவர் சொல்லாமல் போடக்கூடாது. ஒத்துக்கொள்ளாத உடம்பில் போட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடுவான். ஊசி ஃப்ரிட்ஜில் இருந்தது. டேப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நெட் இல்லை, தெருக் கம்பத்தில் கேபிளை யாரோ வெட்டிவிட்டார்கள். செல்போனிலும் சிக்னல் செத்துக் கிடந்தது, டவருக்குப் போகிற கேபிளும் அதே கம்பத்தில்தான் தொங்குகிறது. இந்த ஏரியாவில் கேபிள்காரர்கள் இரண்டு பேர். இவன் கஸ்டமரை அவன் இழுத்தால் இவன் ஆள் கம்பத்தில் ஏறி வெட்டுவான். அடுத்த வாரம் அவன் ஆள். நாசமாய்ப் போகிறவர்கள், எது யாருடையது என்றுகூடப் பார்ப்பதில்லை, கையில் சிக்கியதை நறுக்குவார்கள். ஜனங்கள் சீரியல் போச்சே என்று திட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

மாத்திரை கொடுத்து ஆக்சிஜன் வைத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாததால் மருந்து கொடுக்கிற ஆனந்தன் பைக்கை எடுத்துக்கொண்டு ஆவடிக்கே ஓடினார். மனோகரனின் மனைவி ஞானம்மாள் அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், இன்னும் நெல்லைப் பேச்சு மாறவில்லை.

“ஊசி இருக்குன்னு சொல்லுதியே தாயி, போட்டுரேன்.”

“டாக்டர் பார்க்காம போட்டா நானே கொன்ன மாதிரி ஆயிடும்மா. லைன் வரட்டும்.”

பக்கத்தில் நின்ற மகன் சரண் இதைக் கேட்டான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் கூச்சல். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கம்பத்தில் சாய்த்த ஏணியில் ஒருவன், கையில் கட்டர். எல்லோரும் பார்க்கப் பார்க்க அவன் கேபிளை நறுக்கினான். “இவன்தான்டா” என்று ஒரு குரல். அவ்வளவு போதும் நம் ஆட்களுக்கு. ஏணியைப் பிடித்து இழுத்தார்கள். அவன் சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முகம் பூராவும் ரத்தம். விலாவில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். சரண் அவன் மணிக்கட்டை மிதித்துக்கொண்டு, “இந்தக் கைதானே வெட்டுச்சு” என்று ஹெல்மெட்டால் விரல்களின் மேல் அடித்தான். திரும்பவும் அடித்தான். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.

கிட்டே போனதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தேவா. யார் வெட்டினாலும் ஒட்டுவதற்கு இரண்டு கேபிள்காரர்களும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். நான் சரணைக் கன்னத்தில் அறைந்தேன். என் பலம் முழுக்க வைத்து அறைந்தேன்.

“பாவி, உள்ள கிடக்கிற உங்கப்பாவுக்கு லைன் ஒட்ட வந்தவன்டா அவன்.”

“வெட்டுனத கண்ணால பாத்தேன் சிஸ்டர்.”

தேவா ரத்தத்தைத் துப்பினான். “பிஞ்ச முனைய நறுக்காம இன்னாத்தடா ஒட்றது. வெட்டித்தான் ஒட்டணும்.”

உதைத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். தேவாவின் வலது கை விரல்கள் ஆளுக்கொரு திசையில் நின்றன. கட்டுப்போடக் குனிந்தேன். அவன் தலையை ஆட்டினான்.

“கட்டு அப்பால போட்டுக்கலாம். ஒட்றதுக்குக் கை வோணும்.” சரணைப் பார்த்தான். “நீ வா. உங்கப்பன்தான உள்ள கீறாரு.”

சரண் மண்டியிட்டான். தேவா கம்பத்தில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, சரண் தொங்கிய கேபிளின் தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையை தேவா கொண்டுவந்திருந்த ஒட்டுகிற மெஷினுக்குள் வைத்தான். முனை ஒடிந்தது. திரும்பவும் நறுக்கு என்றான் தேவா. தன் நல்ல கையால் சரணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “ஆட்டாத, மூச்ச அடக்கிக்கோ” என்றான்.

“தாயி, இவுகளுக்குக் கண்ணு சொருகுது” என்று உள்ளேயிருந்து ஞானம்மாள் அலறினாள்.

ஓடினேன். நாடி இல்லை. கட்டிலில் ஏறி மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு விலா எலும்பு முறிந்தது தெரிந்தது. நிறுத்தவில்லை. இரக்கம் பார்த்து அழுத்தினால் ரத்தம் ஓடாது. போய்விடாதே, போய்விடாதே என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே குத்துவது போல அழுத்தினேன்.

தெருவில் எல்லோர் பாக்கெட்டிலும் போன்கள் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. “வந்துச்சு மாமே, நெட் வந்துச்சு” என்று யாரோ விசிலடித்தான். காத்திருந்த இசிஜி தானாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டேப் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்.

என் கைகளை எடுக்க முடியாது. “எடும்மா, பச்சையத் தேய்ம்மா” என்று கத்தினேன். ஞானம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத் தேய்த்தாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு முகம் வந்தது.

அவள் டேப்பை இரண்டு கையாலும் தூக்கி, குலுங்கிக்கொண்டிருந்த புருஷனின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

“இவுகதான் ஐயா” என்றாள். “நல்லாப் பாருங்க.”