ஓர் அட்டையில் இரண்டு கூலி

"பகல்ல இறால் ஆலை, ராத்திரி வயர் ஆலை. தூங்காம வேலை பார்க்க நீ என்னம்மா, மகானா, அவுலியாவா?" என்று கேட்டுவிட்டு, வரி அலுவலகத்துக் குமாஸ்தா தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எதற்கு வம்பென்று யமீனாவும் சிரித்து வைத்தாள். பக்கத்தில் நின்ற தங்கை இத்தோ மட்டும் சிரிக்கவில்லை. வலது கையை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, இடது கையில் அக்காளின் பையைப் பிடித்திருந்தாள்.

வருமான வரியெல்லாம் காரில் போகிறவர்களின் தலைவலி என்றுதான் தான்ஜியர் துறைமுகத்தில் இறால் உரிக்கும் பெண்கள் நினைத்திருந்தார்கள். யமீனாவும் அப்படித்தான். எங்கோ குளிர்நாட்டில் பிடித்த இறாலை உரித்து உரித்து விரல் வெளுத்துப் போனவளை வரி அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று யார் கண்டது?

"ஒரே முதலாளின்னா அவனே பிடிச்சுக் கட்டிருவான், நீ இந்த வாசப்படிய மிதிக்கவே வேணாம். ரெண்டு முதலாளின்னா நீயேதான் வந்து கணக்குக் காட்டணும்" என்றான் குமாஸ்தா. "உன் அட்டையில ரெண்டு கூலி ஓடுது. மூணு வருஷமா ஏன் வரல?"

ஏன் வரவில்லை என்றால், இரண்டாவது கூலி அவளுடையதே இல்லை. மலையூரிலிருந்து இத்தோ வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினைந்து வயது. பதினெட்டு ஆகாமல் வயர் ஆலையில் சேர்க்க மாட்டார்கள். அக்காளின் அடையாள அட்டையைக் காட்டினாள். முகச்சாயல் ஒன்றுதான், அதுவும் மேஸ்திரி முகத்தையா பார்த்தான்? கை ஓடுகிறதா என்று பார்த்தான், ஓடியது. கூலி யமீனாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மாதாமாதம் மூன்றில் ஒரு பங்கை அட்டைக்கு வாடகை என்று எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தங்கையிடம் கொடுத்தாள் அந்தப் புண்ணியவதி. கூடப்பிறந்தவளிடம் வாடகை! இத்தோ அதற்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மழைக்காலத்தில் அழுத்து இயந்திரம் இத்தோவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. நஷ்ட ஈடு கேட்டுப் போனார்கள். காப்பீட்டுக்காரன் பதிவைப் பார்த்தான், அக்காளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னான். "வேலை பார்த்தது யமீனா. யமீனாவுக்குப் பத்து விரலும் இருக்கு. அப்ப விபத்தே நடக்கலையே" என்று கோப்பை மூடிவிட்டான்.

நேற்று சாயங்காலம் யமீனா தலை பின்னிவிடும்போது இத்தோ சொன்னாள்: "நாளைக்கு அந்த ஆளுகிட்ட உள்ளதச் சொல்லிரு அக்கா. வயர் ஆலையில வேலை பார்த்தது நான்தான்னு அங்க பதிவாகணும். அப்பத்தான் என் கைக்கு ஒரு வழி பொறக்கும்."

"சொல்றேன்டி, சொல்லாம எங்க போறேன்" என்றாள் யமீனா. பொய்யில்லை, சொல்லத்தான் நினைத்திருந்தாள்.

குமாஸ்தா படிவத்தை அவள் பக்கம் தள்ளினான். "ரெண்டும் உன் கூலின்னா கையெழுத்தப் போடு. பாக்கியத் தவணையில கட்டிட்டுப் போய்க்கிட்டே இரு. இல்ல, வேற எவளோ உன் அட்டையில பூந்துட்டான்னா அது என் மேசை இல்ல, போலீஸ் மேசை. கொடுத்தவளும் உள்ள, வாங்கினவளும் உள்ள. எது வசதி?"

யமீனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். போலீஸ் என்று காதில் விழுந்தாலே இறால் ஆலையில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். மறுநாளே அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அப்புறம் சோற்றுக்கு எங்கே போவது? போன விரல் போனதுதான், நான் ஜெயிலுக்குப் போனால் திரும்ப முளைத்துவிடுமா? தனக்கென்று வந்தால் மனுஷ மனசுக்கு நியாயத்துக்கா பஞ்சம்! ஒன்று கேட்டால் ஒன்பது வந்து நிற்கும்.

"ரெண்டும் என் கூலிதான் சார்" என்றாள்.

"அக்கா" என்றாள் இத்தோ. குமாஸ்தா நிமிர்ந்தான்.

"அது யாரு?"

"தங்கச்சி சார். வேலைவெட்டி ஒண்ணும் கிடையாது. வீட்ல சும்மா இருக்கா."

ஜன்னல் வழியாகக் கிழக்குக் காற்று குபீரென்று உள்ளே வந்தது. படிவம் மேசையை விட்டு எழும்பியது. "ஏ பொண்ணு, சும்மா இருக்கிறவதானே, அதையாவது பிடி!" என்று குமாஸ்தா கத்தினான்.

இடது கையில் பை இருந்தது. இத்தோ மேலங்கிக்குள்ளிருந்து வலது கையை எடுத்துத் தாளின் மேல் வைத்து அழுத்தினாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. நடுவில் தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பு மாறவில்லை.

குமாஸ்தாவின் சிரிப்பு நின்றது. "கைக்கு என்னாச்சு?"

இத்தோ அக்காளையே பார்த்தாள். இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது அந்தப் பைத்தியத்துக்கு.

"பொறப்புலயே அப்படித்தான் சார்" என்றாள் யமீனா.

குமாஸ்தா அந்தச் சிவந்த தையலைப் பார்த்தான். யமீனாவைப் பார்த்தான். பிறகு முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றிக்கொண்டு, "சீக்கிரம், பின்னால ஆள் நிக்குது" என்றான்.

காற்று தாளை இழுத்துக்கொண்டே இருந்தது. இத்தோ கையை எடுக்கவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடம் அவளுடைய இரண்டு விரல்களுக்கும் நடுவே காலியாகக் கிடந்தது. யமீனா குனிந்து, அங்கே தன் பெயரை எழுதினாள்.