மாமியாரை மாடிக்குத் தூக்கிய நாள்

"அந்தக் கால் ஆடுது மாப்ளே. இன்னொரு செங்கல் வை," என்றாள் மாமியார், கட்டிலில் படுத்தபடியே.

கட்டிலின் ஒரு மூலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, கையால் தண்ணீருக்குள் செங்கல்லைத் தள்ளினான் மருமகன். வாசற்படி தாண்டி வந்த மழைத்தண்ணீர் கணுக்கால்வரை நின்றது.

"ஆளோட சேர்த்துத் தூக்கறது என்ன கனம் தெரியுமா அத்தை?"

"நானா கனம்? பாதி உடம்பை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டுத்தானே வந்தேன்."

அது உண்மைதான். இதயம் இனி அதிக நாள் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டு அவள் கலங்கியதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி சூப்பில் உப்பில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய குறை.

அவன் பஸ் டிரைவர். புயலுக்காக பஸ்களை நிறுத்திவிட்டதால் வீட்டில் இருந்தான். மனைவி நகராட்சியின் அவசர உதவி அறைக்குப் பொறுப்பாளர். முந்தின நாள் வேலைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. ஊரிலுள்ள எல்லாப் போன்களுக்கும் ஓர் எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. அது அவள் குரல். வீட்டுப் போனுக்கு வந்தபோதெல்லாம் மாமியார் அதை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"பொதுமக்கள் யாரும் வெளியே வர வேண்டாம்," என்றது குரல்.

"வரலடி கண்ணு," என்றாள் மாமியார். "நீ சாப்டியா?"

"அது ரெக்கார்ட் பண்ணது அத்தை. பதில் சொல்லாது."

"நேர்ல கேட்டா மட்டும் சொல்லிடுவாளா?"

சிரித்துக்கொண்டே வெந்நீர் வைக்கப் போனான். பின்னாலேயே மாமியாரின் குரலும் வந்தது. "ஈரத்துண்டைக் கட்டில் மேல போடாதேன்னு எத்தனை தடவைதான் சொல்றது? சொன்னா ஒரு மனுஷனுக்கு..."

டம்ளரோடு வந்தவன், மிச்சத் திட்டுக்காகக் காத்து நின்றான். வரவில்லை.

மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். பிறகு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

மனைவியின் போன் கிடைக்கவில்லை. அவசர உதவி எண் அவன் ஓட்டும் பஸ்ஸின் பின்பக்கமே எழுதியிருக்கும். அதற்கு அடித்தான்.

"நகராட்சி அவசர உதவி. சொல்லுங்க, எந்தத் தெரு?"

அவளேதான். தொண்டை கட்டிப்போயிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"பயப்படாதீங்க. எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"வீட்லதான்," என்றான்.

அவளுக்குப் பின்னால் வேறு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"அம்மாவா?"

"ம்."

"கஷ்டப்பட்டாங்களா?"

"இல்ல. என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டேன்னு."

"இன்னுமா போடறீங்க?" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.



"நம்ம தெருமுனையில மரம் விழுந்து கெடக்கு," என்றாள் பிறகு. "அதை எடுத்தாத்தான் வண்டி வரும். மரம் வெட்டற ஆளுங்க ஒரே குழுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு வீட்டு மேலயும் மரம் சாஞ்சிருக்கு. உள்ள ஆளுங்க இருக்காங்க..."

"முதல்ல அங்க அனுப்பு. அத்தைகிட்ட நான் இருக்கேன்."

"தனியா விட்றாதீங்க."

"விடமாட்டேன்."

பதற்றத்தில் அவள் போனைச் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த போனை எடுத்து, "சொல்லுங்க, எந்தத் தெரு?" என்று அவள் கேட்பது அவன் காதில் விழுந்தது. மெதுவாகத் தன் போனை அணைத்தான்.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது, செங்கல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. மாடியில் குடியிருந்த டெய்லரைக் கூப்பிட்டான். சட்டைக் கை நீளம், கழுத்து அகலம் என்று மாமியாரோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்ற மனிதர். சேதி கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இருவருமாக அவளைப் போர்வையோடு ஏந்தி, ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.

"தலைப் பக்கம் பாத்து. இடிச்சா சும்மா விடமாட்டாங்க," என்றார் டெய்லர்.

துணி வெட்டும் மேஜைதான் அங்கே நீளமாக இருந்தது. தைத்து முடிக்காத துணிகளை வாரி ஒதுக்கி, அவளை அதில் கிடத்தினார்கள். மருமகன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கலைந்திருந்த அவள் தலைமுடியைத் தன் சீப்பாலேயே வாரிவிட்டான். வகிடு கோணலாகத்தான் வந்தது.

பொழுது சாயுமுன் காற்று அடங்கியது. தெருமுனையில் நகராட்சி லாரி வந்து நின்றது. மஞ்சள் மழைக்கோட்டோடு மனைவி தண்ணீரில் நடந்து வந்தாள். மாடிக்கு வந்து, வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினாள்.

"அந்த வீட்ல?" என்று கேட்டான்.

அவள் குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. "புருஷன், பொண்டாட்டி, ஒரு நாய்," என்றாள் காற்றாக. "நல்லா இருக்காங்க."

மேஜையருகே போனாள். அம்மாவைப் பார்த்தாள். கோணல் வகிட்டை விரலால் தொட்டாள், திருத்தவில்லை. அம்மா என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அம்மாவின் பக்கத்தில், அவன் எழுந்து கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கீழே, தெருமுனையில், மரம் வெட்டும் மிஷின் உறுமத் தொடங்கியது. அம்மாவைக் கொண்டுபோக வழி செய்யச் சொல்லி அவள்தான் ஆட்களை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து போய், தூங்குகிறவர் அறையில் செய்வதுபோல, ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.