இரண்டாவது எடை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அந்தக் கோபம் என்னுடையது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இல்லை, அக்காவுடையது. திருடிய பொருளை வைத்துத்தான் எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். வந்து மூன்று வருடமாகிறது. மெதுவாக நகரும் வகை. தினமும் காலையில் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. சரக்கு லாரிகளை எடை போடும் மேடையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. நாளைக் காலை பத்து மணிக்கு அந்த நாற்காலியை அவளிடமிருந்து பிடுங்கக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கதை இதுதான். நோயோடு அவள் வீரமாகப் போராடுவதைப் படிக்க வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் வரைவின் தொடக்கம்: ‘கொத்துக் கொத்தாக உதிர்ந்த கூந்தலைக் கையில் ஏந்தியபடி அவள் ஜன்னலுக்கு வெளியே...’

எழுத எழுத ஒவ்வொரு தாளாக வாங்கிப் படிப்பது அக்காவின் வழக்கம். படித்தாள்.

“யாருடா இவ?”

“நீதான்க்கா.”

“என் முடி எப்படா கொட்டுச்சு? எனக்குக் காலையில கண் இமை வீங்குது. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. அத எழுதேன்.”

“வீங்கின இமைய வச்சு ஒரு கதைய ஆரம்பிக்க முடியாதுக்கா.”

“அப்ப எனக்கு வந்த நோய் உனக்குப் பத்தல. அப்படித்தானே?”

இரண்டாவது வரைவு ‘அவள் ஒரு போராளி’ என்று தொடங்கியது. “மாத்திரை முழுங்குறது போராட்டம்னா தண்ணி குடிக்கிறது புரட்சியா?” என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளில் காய்கறிக் கணக்கு எழுதிக்கொண்டாள்.

(அடிக்குறிப்பு: “நல்ல கேன்சர்தானே, மாத்திரையிலயே போயிடும்” என்று எதிர்வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். அவருக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கியபோது, “நல்ல பல்வலிதானே?” என்று அக்கா நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.)

3

அன்றாடம் எப்படிச் சமாளிக்கிறாள்? கட்டுரை எழுதுகிறவர்கள் ஐந்து வழிகள் சொல்வார்கள். அக்காவிடம் இருப்பது ஒரு குளியலறைக் குழாய். மாத்திரையைப் போட்டதும் குழாயைத் திறந்துவிட்டு மூன்று நிமிடம் திட்டுவாள். ரத்தத்தை, டாக்டரை, கடவுளை, என்னை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “என் டிபன் டப்பா எங்க?” என்பாள்.

“பயம் போகவே போகாதுடா. அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். கேபினுக்குள்ள வந்துட்டா அதுவா ஒரு ஓரத்துல உக்காந்துக்கும்” என்று ஒருமுறை சொன்னாள்.

அந்தக் கேபினை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி ஜன்னல், ஒரு மைக், எண் ஓடும் திரை, சீட்டு அடிக்கும் இயந்திரம். எல்லாச் சக்கரமும் மேடைமேல் ஏற வேண்டும். டிரைவர் இறங்கி நிற்க வேண்டும். திரையில் எண் தடுமாறித் தடுமாறி நிற்கும்வரை யார் அவசரப்படுத்தினாலும் சீட்டு அடிக்க மாட்டாள். அந்த நேரத்தில் தனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் என்பாள். ஒரு நாளைக்கு எண்பது வண்டி. எண்பது முறை மறக்கிறாள். நாளை பிடுங்கப் போவது இதைத்தான்.

வீட்டில் அந்த வசதி கிடையாது. டிவி சத்தத்துக்காக மல்லுக்கு நின்ற அத்தான் இப்போது எதற்கும் சரி என்கிறார். குழம்பில் உப்பு போடாவிட்டாலும் அருமை என்கிறார். “கேன்சர் வந்தது எனக்கு. முதுகெலும்பு கரைஞ்சது உங்களுக்கா?” என்று கேட்டாள். அதற்கும் சரி என்றார்.

4

விஷயம் வெளியே வந்தது ஒரு லாரி டிரைவரால். எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிப்பதால் அவருக்கு யார்டில் ‘ஹாரன்’ என்றுதான் பெயர். சீட்டு வாங்க வந்தவர் ஜன்னலைத் தட்டினார்.

“ஏன்க்கா, உங்ககிட்ட ஒரு எடை, பின் கேட்ல ஒரு எடையா? எங்க டீசல் என்ன தண்ணியா?”

“பின் கேட்லயா? அந்த எடை மேடை வேற கம்பெனி வண்டிங்களுக்குப்பா.”

“நீங்க வேற. ஒன்றரை மாசமா உங்க சீட்டு வாங்கின எல்லா வண்டியும் அங்க ஏறி இறங்கித்தான் வெளிய போகுது. மத்த ஷிப்ட்டுக்கு இது கிடையாது. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அவள் முதுகுக்குப் பின்னால், அவள் போட்ட ஒவ்வொரு எடையையும் இன்னொருவர் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

யார்டு மேனேஜரின் அறைக்கு நேராகப் போனாள். அங்கே நடந்ததை வீட்டில் அவள் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள். ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை.

“உங்க நல்லதுக்குத்தான் மேடம். ஃபைல் ரூமுக்கு மாத்திடறோம். ஏசி இருக்கு.”

“என் சீட்டுல ஒரு தப்பு காட்டுங்க சார்.”

“தப்பு இல்ல. தப்பு வந்துடக் கூடாதேன்னுதான்.”

“ஒன்றரை மாசமா ரெண்டு எடை போட்டீங்களே, எத்தனை தடவை ரெண்டும் வேற வேறயா வந்துச்சு?”

“...ஒரு தடவையும் இல்ல.”

“அப்புறம்?”

“உங்களுக்கு மறதி வருதுன்னு கேள்விப்பட்டோம் மேடம்.”

“யார் சொன்னா?”

“உங்க மேல அக்கறை உள்ளவங்கதான்.”

5

அக்கா அத்தானைப் பிடித்தாள்.

“நீங்கதானே சொன்னீங்க?”

“நான் சொல்லலம்மா. ஆனா நான்தான்னு நீ சொன்னா, சரி.”

நான்கு நாளாக அவரோடு பேசவில்லை. அவர் ஹாலில் டிவியை ஊமையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்படி ஒரு ஆள் இருப்பாரா என்று வாசகர் கேட்பார். இருக்கிறார். எனக்கு வசதியாக இருக்கிறார்.

6

முடிவுகள். மூன்று யோசித்தேன்.

(அ) ரத்தப் பரிசோதனை பிரமாதமாக வருகிறது. மேனேஜர் மன்னிப்புக் கேட்கிறார். அக்கா பெருந்தன்மையாகச் சிரிக்கிறாள். (அவள் சிரிக்க மாட்டாள்.)

(ஆ) அக்கா இறக்கிறாள். மேனேஜர் அழுகிறார். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். நோயாளி செத்தால்தான் ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு பாடம் கிடைக்கும். அவள் எல்லா நாளும் எழுந்து வேலைக்குப் போனால் யாருக்கு என்ன லாபம்?

(இ) மேனேஜருக்கு அந்தத் தகவலைச் சொன்ன ஆள் நாளைய கூட்டத்துக்குப் போய்...

மேனேஜருக்கு அந்தத் தகவலைச் சொன்னவன்...

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேனேஜருக்குப் போன் செய்து

7

நான்தான் செய்தேன்.

இரவு ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து எட்டு மாதம். பகலெல்லாம் சும்மா உட்கார்ந்து அவள் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது செய்தது மாதிரி இருக்கட்டும் என்றுதான் போன் செய்தேன். “அக்காவக் கொஞ்சம் பாத்துக்கோங்க சார்” என்றேன். அதோடு வைத்திருக்கலாம். “ஏன், ஏதாவது பிரச்சனையா?” என்று அவர் கேட்டார். வெறும் அக்கறையைச் சொன்னால் எடுபடாது என்று தோன்றியது. “இப்பல்லாம் மறதி வருது சார்” என்றேன். அதுவும் மொட்டையாக இருந்தது. நம்பவைக்க ஒரு விவரம் வேண்டும் இல்லையா? “போன வாரம் அடுப்ப அணைக்காமலே வேலைக்குக் கிளம்பிட்டா.”

அப்படி ஒரு அடுப்பு எரியவே இல்லை. அவள் வாழ்க்கையில் அவள் எதையும் அணைக்காமல் விட்டதில்லை. கொட்டாத முடியைக் கொட்டவைத்த கை, எரியாத அடுப்பையும் பற்றவைத்தது. முதலில் சொன்னதைக் கதை என்கிறோம், பிடிக்கவில்லையென்றால் கிழித்துவிடலாம். இரண்டாவதை நம்பி ஒன்றரை மாதம் லாரிகளைச் சுற்ற விட்டிருக்கிறார்கள்.

மேனேஜரைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் என்ன செய்தார்? நான் சொன்னதை நம்பினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

8

ஏழாம் பகுதி எழுதிய தாளை அக்கா இப்போதுதான் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொடுக்காமல் மடித்து வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்தால் நாளை பத்து மணிக்கு, யாரென்றே தெரியாத ஒருவனோடு அவள் சண்டை போட வேண்டியிருக்கும்.

தாள் சத்தம் நின்றுவிட்டது.

“ஏங்க” என்று அத்தானைக் கூப்பிடுகிறாள். நான்கு நாளில் முதல்முறை. அவர் அவசரமாக எழுந்து போகிறார். என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை. இப்போது அவள் காலடி இந்த அறைப் பக்கம் வருகிறது.

வந்து என்ன சொல்வாள்? கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்ல வைக்கலாம். நீ வந்து கிழித்தது போதும், என் எடையை நானே பேசிக்கொள்கிறேன் எனலாம். பெட்டியைக் கட்டு என்றும் சொல்லலாம். மூன்றையும் என்னால் நன்றாகவே எழுத முடியும். உங்களுக்கு நான்காவதாக ஒன்று தோன்றியிருக்கும். அது என்னுடையதைவிட நன்றாகவும் இருக்கலாம். அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

நீங்களும் நானும் கொஞ்சம் பேசாமல் இருப்போம்.