பாலிஷ் மட்டும் போதும்

ஐயப்பன் காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைப் பக்கெட்டில் முக்கி எடுத்து, இடமும் வலமுமாக ஒரே சீரான இழுப்பு. பெயின்டில் கீறல் விழாமலிருக்க விளக்கைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தான். எத்தனையோ வருஷ வெயிலில் பழுத்துப்போன பிளாஸ்டிக்கிலிருந்து மஞ்சள் கரைந்து, கஞ்சித் தண்ணீர் மாதிரி பம்பரில் வழிந்தது. புரட்டாசி பிறந்தும் டெல்லி வெயில் குறைந்தபாடில்லை.

"ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே பாலசுப்ரமணியம் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். பெரிய அதிகாரி. மோதி பாக்கில் அரசாங்கம் கொடுத்த பங்களா. புதுக் கார் வரப்போகிறது, இதை விற்கிறார்.

"தேச்சு முடிச்சிட்டேன் சார். பாலிஷ் போட்டா கண்ணாடியாட்டம் ஆயிடும். அப்பறம் மேல கிளியர் கோட் பூச்சு அடிக்கணும். கரோல் பாக் போய் டப்பா வாங்கியாறேன். ஒரு ராத்திரி காயணும்."

"சாயங்காலம் பார்ட்டி வர்றான்பா. காயறதுக்கெல்லாம் ஏது டைம்? பாலிஷ் மட்டும் போதும்."

"கோட் அடிக்கலன்னா நிக்காது சார். பனி வர்றதுக்குள்ள மறுபடி மஞ்சளாயிடும். மேல இருந்த பூச்சையும் தேச்சு எடுத்துட்டோம், முன்ன இருந்ததவிட மோசமாப் போயிடும்."

"அது வாங்குறவன் பாடு. நீ கண்டதையும் பேசி வைக்காத. ஜல்தி முடி."

ஐயப்பன் பாலிஷ் டப்பாவைத் திறந்தான். பங்களாவுக்குப் பின்னாலிருந்த சர்வென்ட் குவார்ட்டரில்தான் அவன் குடும்பம் இருந்தது. ஒற்றை அறை. வாடகை கிடையாது. பதிலுக்கு அவன் மனைவி கோமளா பங்களாவில் பெருக்கித் துடைத்து, துணி துவைத்து, பாத்திரம் கழுவ வேண்டும். அவன் காரைக் கழுவ வேண்டும். இரண்டுக்கும் சம்பளம் கிடையாது. மற்ற வீட்டுக் கார்களைத் துடைத்து வருவதில்தான் சோறு. குடிசையை புல்டோசர் தள்ளிய பிறகு நாயாய் அலைந்து பிடித்த இடம். இதை நம்பித்தான் மகள் மேகலாவைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்.

பாலிஷ் போட்டதும் விளக்கு இரண்டும் தண்ணீரில் அலசி எடுத்ததுபோல் தெளிந்து நின்றன. கை வலித்தாலும் பார்க்க அவனுக்கே ஆசையாக இருந்தது. எவனோ ஒரு டெல்லிக்காரன் வாங்கிக்கொண்டு போவான், நமக்கென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

சாயங்காலம் கேட்டைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வந்திருந்தது ராஜவேல். பழைய குடிசைப் பகுதியில் பக்கத்துக் குடிசைக்காரர். ஆர்.கே.புரத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவர். பின்னால் அவர் மனைவி முத்தம்மா, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். போன தை மாசம், விடியற்காலைப் பனியில் இட்லிக் குண்டானோடு ஸ்கூட்டரில் போனபோது லாரி ஒன்று தட்டிவிட்டுப் போனதில் உடைந்த கால்.

"அட, ஐயப்பா! நீ இந்த வூட்லதான் இருக்கியா?" ராஜவேலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கேயே போனை எடுத்தார். "பையா, நீ வரவேணாம். அப்னா ஆத்மி ஹை. நம்ம ஆளு தொடைக்கிற வண்டிதான்." போனைப் பையில் போட்டுக்கொண்டு, "மெக்கானிக்க வரச் சொல்லியிருந்தேன். உன்னைப் பாத்தப்பறம் அவன் எதுக்கு?" என்றார்.

"வரட்டுமேண்ணா, ஒருவாட்டி பாத்துட்டா..." என்று ஐயப்பன் இழுத்தான்.

"எல்லாம் கண்டிஷன்ல இருக்கு" என்றபடி பாலசுப்ரமணியம் படியிறங்கினார். "ஐயப்பன் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கறான். என்ன ஐயப்பா?"

"ஆமா சார்."

ராஜவேல் இன்ஜின் சத்தம் கேட்டார், கதவைத் திறந்து மூடினார். முத்தம்மா விளக்குப் பக்கத்திலேயே நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது தம்பி. வெளிச்சம் நல்லா இருக்கணும், அவ்ளோதான். நாலு மணிக்கெல்லாம் கெளம்பணும். பனியில எதுத்தாப்ல ஆளு நிக்கிறதே தெரியாது. அன்னைக்கு எங்க வண்டி லைட்டு மட்டும் நல்லா எரிஞ்சிருந்தா லாரிக்காரன் பாத்திருப்பான்." அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பனிக்குத் தாங்குமில்ல?"

பூச்சு இல்லக்கா, ஒரே ஒரு நாள் பொறுத்து வாங்குங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சமையலறை ஜன்னலில் கோமளாவின் முகம் தெரிந்தது. பாத்திரம் தேய்த்த கை அந்தரத்தில் நிற்க, இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலசுப்ரமணியமும் இவனைத்தான் பார்த்தார்.

"தாங்கும்க்கா."

சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கன்னம் காதெல்லாம் எரிந்தது. எவனோ அடித்துவிட்டுப் போனதுபோல் நின்றான். முத்தம்மாவோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

பேச்சு முடிந்து சாவி கைமாறியது. "குட் பார்கெயின்" என்று கை குலுக்கிவிட்டு பாலசுப்ரமணியம் உள்ளே போனார்.

முத்தம்மா பையிலிருந்து எலுமிச்சம்பழங்களையும் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்தாள். மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பழங்களைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு, கிண்ணத்தை ஐயப்பனிடம் நீட்டினாள்.

"நீயே வை தம்பி. உங்கையால மின்னுன லைட்டு."

"வேணாம்க்கா, கையெல்லாம் அழுக்கு."

"பாடுபட்ட கைக்கு என்னா அழுக்கு? வை."

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வைத்தான். சந்தனம் கோணலாக இழுபட்டது. வெறும் பிளாஸ்டிக் விரலடியில் வழுக்கியது. முத்தம்மாவை ஏறிட்டுப் பார்க்க அவனால் முடியவில்லை. அவள் நொண்டிக் காலை ஊன்றிக் குனிந்து, இரண்டு விளக்குகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.