கடலுக்குள் போன பெண்கள்

எதையோ தப்பாகத்தான் அழுத்தியிருக்கிறேன். இல்லையென்றால் இத்தனை பெண்களும் எப்படிக் கடலுக்குள் போவார்கள்?

வரலாற்றுத் துறைக்காரர்களுக்குக் கணினிப் பயிற்சி. என் திரையில் வரைபடம் விரிந்திருந்தது. ஊருக்குள் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். வரைபடத்தைச் சுருக்கினால், கரையிலிருந்து வெகுதூரத்தில், நடுக்கடலில், வீக்கம் மாதிரி ஒரு பெரிய புள்ளி. அதைத் தொட்டால் பெயர்கள் கொட்டின. தெருவில் திரிந்த குற்றத்துக்காக ஒரு காலத்தில் பிடித்து அடைக்கப்பட்டவர்கள். பல வருஷமாகப் பழைய காவல் பதிவுகளில் நான் தேடி எடுத்தவர்கள்.

பக்கத்து நாற்காலி சகா எட்டிப் பார்த்தார். ஆவணக் காப்பகமே கதி என்று கிடப்பதால் அவருக்குத் ‘தூசி’ என்று பெயர்.

“என்ன மேடம், உங்க ஆளுங்க கூட்டமா குளிக்கப் போயிட்டாங்களா?”

“சும்மா இருங்க சார். எனக்கே தலை சுத்துது.”

“எனக்கு வரைபடமே வரலை. உங்களுக்குக் கடலாவது வந்திருக்கு.”

பயிற்சி தரும் பெண் வந்து குனிந்து பார்த்தாள்.

“அட்டவணையில இவங்களுக்கெல்லாம் இடத்தைக் காலியா விட்டிருக்கீங்க மேடம். காலின்னா இது பூஜ்யம்னு எடுத்துக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டும் பூஜ்யமா சேர்ற இடம் கடல்ல இருக்கு.”

“பதிவுல ‘இருப்பிடம் இல்லை’ன்னுதாம்மா இருக்கு.”

“அப்ப எல்லாருக்கும் ஊர் நடுவுல ஒரு புள்ளி குடுத்துடுங்க. இல்லேன்னா அந்த வரிகளைத் தூக்கிடுங்க. கடல்ல புள்ளி நின்னா தலைவர் துறை இணையதளத்துல சேர்க்க மாட்டார்.”

தளத்தில் சேராத ஆய்வுக்கு அடுத்த வருஷம் ஆதரவு இல்லை என்று துறைத் தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஊர் நடுவில் அப்போது என்ன இருந்தது? அவர்களை அடைத்த காவல் நிலையம். அங்கேயா குடிவைப்பது? ஆனால் வீடு உள்ளவர்களின் புள்ளிகள் மட்டும் ரொம்பச் சரியா? பாதி என் ஊகம். ஊகிக்கவே கூடாதென்றால் இந்த வேலையே கிடையாது. கடலில் நிற்பதும் பொய்தான். பிறகு எனக்கு ஏன் கை வரவில்லை? தெரியவில்லை. அவள் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன், அகப்படவில்லை.

“நானே போட்டுத் தரட்டுமா மேடம்? ஒரு நிமிஷ வேலை.”

“வேண்டாம்மா.”

“அப்ப எடுத்துடலாமா?”

“அதுவும் வேண்டாம்.”

அவள் காத்திருந்தாள். நான் மவுஸை அவள் கைக்கு எட்டாத பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டேன்.